ஸ்போர்ட்ஸ் காரின் முகத்தில் கல் அடித்தால்: சேலத்துச் சாலைகளுக்கு ஒரு வழிகாட்டி

சேலத்திலிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் கல்லுக்குத் தப்ப முடியாது. பெங்களூரு பக்கம் போனால் தொப்பூர் கணவாயில் வரிசை கட்டும் லாரிகள். சீலநாயக்கன்பட்டி, கொண்டலாம்பட்டி பைபாஸில் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு, தார்ப்பாய் சரியாகக் கட்டாமல் ஓடும் டிப்பர்கள். ஏற்காடு ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள், அவற்றின் உள் ஓரத்தில் மழை இறக்கிவிட்ட சரளை. சாதாரண காருக்கே இது தொல்லை. தரையை ஒட்டி மூக்கை நீட்டிக்கொண்டு போகும் ஸ்போர்ட்ஸ் காருக்குக் கேட்கவே வேண்டாம்.

ஆசைப்பட்டு வாங்கிய வண்டியின் பானட்டில் முதல் வெள்ளைப் புள்ளியைப் பார்க்கும்போது வயிறு கலங்கத்தான் செய்யும். உடனே பம்பரை முழுதாக பெயிண்ட் அடிக்கக் கொடுக்க வேண்டாம். கம்பெனியில் உயர்ந்த வெப்பத்தில் சுட்டு எடுத்த பெயிண்டை வெளியில் அடிக்கும் பெயிண்ட் எளிதில் ஈடுகட்டாது. சில்லு சில்லாகப் பெயர்ந்த இடங்களை நீங்களே அடைத்துவிடலாம். பொறுமையும் ஒரு சனி, ஞாயிறும் இருந்தால் போதும்.

ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சில்லு கண்ணுக்குத் தெரியாமல் மறைவது இரண்டாம் பட்சம்தான். தண்ணீரும் காற்றும் உள்ளே போகாமல் அடைப்பதுதான் முதல் வேலை. அது முடிந்த பிறகு பெயிண்டைக் காக்கும் ஃபிலிம், அதற்கு மேல் வேண்டுமானால் செராமிக் கோட்டிங். இந்த வரிசையை மாற்றினால் செலவு இரட்டிப்பாகும்.

கல் அடித்த இடத்தில் என்ன நடக்கிறது

காரின் மேலே இருக்கும் பெயிண்ட் ஒரே படலம் இல்லை. அடியில் துருவைத் தடுக்கும் பூச்சும் பிரைமரும், அதன் மேல் நிறம் கொடுக்கும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே பளபளப்பும் காவலும் தரும் கிளியர் கோட். எல்லாம் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் கிளியர் கோட்டின் பங்கு 35 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்று கிட்டத்தட்ட 70 மைக்ரான் இருக்கும். ஆக, இரண்டு முடித் தடிமன்தான் கல்லுக்கும் தகட்டுக்கும் நடுவில் நிற்கிறது.

மோதும் வேகம் கூடினால் அடியின் பலம் அதன் இருமடியில் கூடும். 80 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும் கல்லைவிட 120-இல் அடிக்கும் அதே கல் இரண்டேகால் மடங்கு பலத்தோடு அடிக்கிறது. ஸ்போர்ட்ஸ் காரின் மூக்கு தாழ்வாக இருப்பதால், முன்னால் போகும் லாரியின் டயர் கிளப்பும் கல் நேராக பம்பருக்கும் பானட்டின் முன் விளிம்புக்கும் வந்து சேர்கிறது. இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. அகலமான, மென்மையான ரப்பர் கொண்ட டயர்கள் சரளையைப் பொறுக்கி எடுத்து, வண்டியின் சொந்தப் பின்பக்கத்தையே அடிக்கும். பின் சக்கரத்துக்கு முன்னால் இடுப்பு போல் அகன்று நிற்கும் பகுதியைக் குனிந்து பாருங்கள், மூக்குக்கு அடுத்தபடி அடி வாங்கியிருப்பது அங்கேதான்.

பெயர்ந்த இடத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து அவசரம் மாறும். இரும்புத் தகடு என்றால் ஒரு மழைக்காலத்திலேயே பழுப்பு நிறம் காட்டிவிடும். நிறைய ஸ்போர்ட்ஸ் கார்களில் எடை குறைக்க பானட்டை அலுமினியத்தில் செய்கிறார்கள். அது சிவப்பாகத் துருப்பிடிக்காது என்று அலட்சியமாக விட்டுவிடக் கூடாது. வெள்ளை மாவு போலப் பூத்து, பெயிண்டுக்கு அடியில் ஊர்ந்து கொப்புளமாகக் கிளம்பும். பம்பர் பிளாஸ்டிக், அது துருப்பிடிக்காது, அவசரமும் இல்லை. உங்கள் பானட் எதில் ஆனது என்று தெரியாவிட்டால் ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை ஒரு மெல்லிய துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு.

கழுவிய பிறகு எண்ணுங்கள்

அழுக்கு வண்டியில் சில்லு தேடுவது வீண். முதலில் வெறும் தண்ணீரை அடித்து மணலையும் தூசியையும் இறக்குங்கள். அப்புறம் காருக்கான ஷாம்பூ. பாத்திரம் தேய்க்கும் திரவமும் துணி சோப்பும் வேண்டாம். இரண்டு வாளி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஷாம்பூ தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். கழுவும் கையுறையை ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டு ஷாம்பூவில் முக்குங்கள்.

சேலத்தில் பல வீடுகளில் வண்டி கழுவ போர் தண்ணீர்தான். உப்பு அதிகம் என்பதால், வெயிலில் காயவிட்டால் வட்ட வட்டமாக வெள்ளைத் தடம் விட்டுவிடும். கடைசி அலசலுக்கு மட்டுமாவது ஒரு வாளி மேட்டூர் தண்ணீரைப் பிடித்து வைத்து, உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள்.

பம்பரின் கீழ்ப்பகுதியில் தார்ப் புள்ளிகள் ஒட்டியிருக்கும். தார் நீக்கும் திரவத்தைத் துணியில் நனைத்துச் சற்று நேரம் ஒற்றி வைத்தால் கரைந்துவிடும். காய்ந்த பூச்சியைச் சுரண்ட வேண்டாம். ஈரத்துணியைப் பத்து நிமிடம் போர்த்தி வைத்தால் ஊறித் தானே வழுக்கிக்கொண்டு வரும்.

வண்டி காய்ந்ததும் நிழலில் நிறுத்தி, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து பானட்டின் மேல் மெதுவாக நகர்த்துங்கள். நேராக அடித்தால் தெரியாத பள்ளம்கூட சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும். ஒவ்வொரு சில்லுக்கும் பக்கத்தில் மாஸ்கிங் டேப்பைச் சின்னதாகக் கிழித்து ஒட்டுங்கள். முடிந்ததும் பின்னால் நகர்ந்து நின்று ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். அடுத்த வருடம் எது புதிது, எது பழையது என்று பார்க்க உதவும்.

இப்போது ஒவ்வொன்றையும் நகத்தால் தடவிப் பாருங்கள். பள்ளம் நகத்தில் தட்டாமல், மேலே மட்டும் மங்கியிருந்தால் கிளியர் கோட்டோடு நின்ற அடி, பாலிஷே போதும். உள்ளே சாம்பல் அல்லது வெள்ளை தெரிந்தால் பிரைமர் வரை போயிருக்கிறது. பளிச்சென்று உலோகம் தெரிந்தால் அதற்குத்தான் முதலிடம். பழுப்பாக இருந்தால் துரு ஆரம்பித்துவிட்டது, அதை எடுக்காமல் மேலே எதுவும் பூசக் கூடாது. சுற்றிலும் பெயிண்ட் உப்பியிருந்தாலோ, தகடு நசுங்கியிருந்தாலோ, சில்லு ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பெரிதாக இருந்தாலோ நல்ல பெயிண்டரிடம் போய்விடுங்கள். இந்தக் கட்டுரை அதற்குக் கீழே உள்ளவற்றுக்கு.

பெயிண்ட் வாங்கும்போது

கலர் கோடு, அதாவது உங்கள் வண்டியின் நிறத்துக்குக் கம்பெனி கொடுத்த குறியீடு, இல்லாமல் கடைக்குப் போக வேண்டாம். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். இல்லையென்றால் பானட்டுக்கு அடியில். இன்ஜின் பின்னால் இருக்கும் வண்டிகளில் முன் டிக்கி மூடியின் உட்புறத்தைப் பாருங்கள். நிறத்தின் பெயரைச் சொன்னால் போதாது. சிவப்பு என்று ஒரே கம்பெனி பத்து விதம் வைத்திருக்கும்.

பெயர்ந்த இடத்தை மட்டும் தொட்டு மூட கம்பெனி விற்கும் டச்சப் பாட்டில் கிடைத்தால் அதுவே நல்லது. கிடைக்காவிட்டால் கார் பெயிண்ட் மிக்ஸிங் செய்யும் கடையில் அந்தக் குறியீட்டைக் கொடுத்தால் கம்ப்யூட்டர் பார்த்து, கிராம் கணக்கில் எடை போட்டுக் கலந்து தருவார்கள். "அண்ணா, டச்சப்புக்குத்தான், பேஸ் கோட் மட்டும் போதும், குறைந்தது எவ்வளவு கலப்பீங்க?" என்று கேளுங்கள். கையளவு பாட்டிலே பல வருடத்துக்கு வரும். சாலிடா (துகள் கலக்காத நிறம்), மெட்டாலிக்கா (உலோகத் துகள் கலந்தது), பேர்லா (முத்துப் போல மின்னுவது) என்பதையும் கேட்டு வையுங்கள். சாலிட் நிறங்கள் டச்சப்பில் கிட்டத்தட்ட மறைந்துவிடும். மெட்டாலிக்கில் உள்ள அலுமினியத் துகள் ஸ்ப்ரே செய்யும்போது ஒரு விதமாகவும், குச்சியால் வைக்கும்போது வேறு விதமாகவும் படுக்கும். அதனால் புள்ளி கொஞ்சம் அடர்த்தியாகத் தெரியலாம். அது உங்கள் கைத்தவறு இல்லை.

வெயிலில் நின்று நிறம் மங்கிய வண்டி என்றால் குறியீடு சரியாக இருந்தும் நிறம் பொருந்தாமல் போகும். வாங்கியதும் நேராக வண்டியில் வைக்காமல், ஒரு வெள்ளை அட்டையில் தடவி, காய்ந்ததும் அதன் மேல் கிளியர் பூசி, காலை வெயிலில் பானட்டின் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். கிளியர் பூசாத பேஸ் கோட் மங்கலாகவும் வெளிறியும்தான் தெரியும். அதை வைத்து நிறத்தை எடை போட வேண்டாம்.

மற்றவை எல்லாம் சில்லறைச் சாமான்கள்: சின்ன பிரைமர், கிளியர், பல்குச்சி, மெல்லிய நுனியுள்ள பிரஷ், 2000 மற்றும் 3000 நம்பர் வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்), ரப்பிங் காம்பவுண்ட், பாலிஷ், ரப்பர் கையுறை. துடைக்க ஐபிஏ எனும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் வேண்டும். செல்போன் சர்வீஸுக்கு உதிரி விற்கும் கடைகளில் கிடைக்கும். தின்னரால் துடைக்கலாம் என்று சொல்வார்கள். வெளியில் பெயிண்ட் அடித்த பாகத்திலும் பிளாஸ்டிக்கிலும் அது இளக்கிவிடும் என்பதால் தவிர்ப்பதே நல்லது.

எங்கே, எப்போது

சித்திரை வெயிலில் நிற்கும் பானட்டில் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் வைக்கும் பெயிண்ட் மேலே தோல் கட்டிக்கொள்ளும், உள்ளே தின்னர் சிக்கிக்கொள்ளும், பிறகு குமிழ் விடும். ஏற்காட்டில் வீடு இருப்பவர்களுக்கு வேறு பிரச்சினை. ஐயாயிரம் அடி உயரத்தில் மதியம் இறங்கும் பனிமூட்டத்தில் ஈரம் படிந்து, கிளியர் பால் நிறத்தில் வெளுத்துப் போகும். அதனால் டச்சப்பைக் கீழே, சேலத்தில், மூடிய ஷெட்டில் வைத்துச் செய்வதே சுலபம். தை, மாசி மாதக் காலைப் பொழுது மிகவும் ஏற்றது. பனி விலகி, தகடு கைக்கு இதமாக இருக்கும்போது ஆரம்பியுங்கள். கோடையில் செய்துதான் ஆக வேண்டுமென்றால் முந்தின இரவே வண்டியை உள்ளே விட்டு, விடிந்ததும் வேலையைத் தொடங்குங்கள்.

காற்றோட்டம் இருக்கட்டும், ஃபேன் வேண்டாம், தூசியைக் கொண்டுவந்து ஈரப் பெயிண்டில் ஒட்டும். கிளியர் இரண்டு பாகமாக ஹார்டனர் கலந்து பூசும் டூ-கே வகை என்றால் கையுறை கட்டாயம், முகத்தைக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம். அதில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்குக் கெடுதல். அதை ஸ்ப்ரே செய்யும் ஆசை வந்தால், சரியான ரெஸ்பிரேட்டர் முகக்கவசம் இல்லாமல் வீட்டில் செய்யவே கூடாது.

சில்லை அடைப்பது

இனி அவசரம் கூடாது. ஒரே நாளில் இருபது சில்லை எடுத்துக்கொள்ளாமல், பம்பரில் கண்ணுக்கு எட்டாத கீழ் மூலையில் உள்ள ஒன்றில் கை பழகுங்கள்.

பல்குச்சி நுனியால் பள்ளத்தின் ஓரத்தைச் சுற்றி மெதுவாகத் தட்டுங்கள். தளர்ந்து நிற்கும் பெயிண்ட் செதில் உதிர்ந்துவிடும். உதிர வேண்டியது உதிரட்டும். அதன் மேல் பூசினால் அடுத்த மழையில் எல்லாம் சேர்ந்து வந்துவிடும். துரு இருந்தால், வாட்டர் பேப்பரைச் சின்னதாகக் கிழித்து, பென்சில் முனை அளவுக்குச் சுருட்டி, பள்ளத்துக்குள் மட்டும் படும்படி சுழற்றுங்கள். பளிச்சென்ற உலோகம் தெரிய வேண்டும். குழிக்குள் ஒட்டிக்கொண்டு வராத துருவுக்கு ரஸ்ட் கன்வர்ட்டர் ஒரு சொட்டு வைக்கலாம். அதில் இருக்கும் பாஸ்பாரிக் அமிலம் துருவை மேலும் பரவாத நிலைக்கு மாற்றும். பக்கத்துப் பெயிண்டில் வழிந்தால் உடனே துடைத்துவிடுங்கள். பாட்டிலில் சொன்ன நேரம் முடிந்ததும் சுத்தம் செய்து காயவிடுங்கள்.

அப்புறம் ஐபிஏவில் நனைத்த பனியன் துணியால் சில்லையும் சுற்றுப்புறத்தையும் துடையுங்கள். மெழுகோ சிலிக்கான் பாலிஷோ துளி மிச்சமிருந்தாலும் பெயிண்ட் மீன் கண் போல விலகி ஓடும். துடைத்த பிறகு விரலால் தொட வேண்டாம்.

உலோகம் தெரியும் இடத்தில் பிரைமர். பல்குச்சி நுனியை முக்கி, பாட்டில் வாயில் அதிகப்படியை வழித்துவிட்டு, பள்ளத்தின் நடுவில் லேசாகத் தொடுங்கள். திரவம் தானாகவே ஓரம் வரை பரவும். தேய்க்கவோ இழுக்கவோ வேண்டாம். அடிமட்டத்தை மூடினால் போதும், நிரப்ப வேண்டாம். அலுமினியத்துக்கு எபாக்ஸி பிரைமர் கேட்டு வாங்குங்கள், சாதாரண பிரைமர் அதில் பிடிக்காமல் உரியும். பம்பரில் கறுப்பு பிளாஸ்டிக் தெரிந்தால் பிளாஸ்டிக் பிரைமர். பழைய பிரைமரே உள்ளே நல்லபடியாக இருந்தால் இந்தப் படி தேவையில்லை.

பிரைமர் காய்ந்ததும் பேஸ் கோட். பாட்டிலை இரண்டு மூன்று நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். மெட்டாலிக் என்றால் துகள் அடியில் தங்கிவிடும், ஒவ்வொரு முறை தொடும் முன்பும் குலுக்க வேண்டும். மறுபடியும் அதே முறைதான். நுனியில் ஒரு சொட்டு, நடுவில் ஒரு தொடுகை. முதல் படலம் வைத்தவுடன் பள்ளம் நிரம்பிவிட்டது போலத் தெரியும். அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால் தின்னர் ஆவியாகி உள்ளே இறங்கியிருக்கும். இதுதான் புதியவர்கள் ஏமாறும் இடம். ஒரே தடவையில் கொட்டி நிரப்பினால் மேலே மேடாகவும் உள்ளே காயாமலும் நின்றுவிடும். மெல்லியதாக வைத்து, காயவிட்டு, மறுபடியும் வையுங்கள். சில்லின் ஆழத்தைப் பொறுத்து மூன்று, நான்கு தடவை ஆகலாம். சுற்றியுள்ள மட்டத்துக்கு ஒரு பொட்டு கீழேயே பேஸ் கோட்டை நிறுத்திக்கொள்ளுங்கள். மேலே கிளியருக்கு இடம் வேண்டும்.

வழிந்துவிட்டால் பதற வேண்டாம். ஈரமாக இருக்கும்போதே ஐபிஏ தொட்ட துணியால் ஒரே இழுப்பில் துடைத்துவிட்டுத் திரும்ப ஆரம்பிக்கலாம்.

சில மணி நேரம் காய்ந்த பிறகு கிளியர். இதையும் இரண்டு மூன்று தடவையாக வைத்து, கடைசியில் சுற்றுமட்டத்தை விட இம்மி மேலே நிற்கும்படி விடுங்கள். காயும்போது அதுவும் கொஞ்சம் இறங்கும். நிறத்திலேயே கிளியர் சேர்ந்து வரும் டச்சப் பேனா என்றால் இது வேண்டியதில்லை. பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ் வண்டிக்காரர்கள் மட்டும் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். மேட் பெயிண்டைத் தேய்த்தால் பளபளக்க ஆரம்பித்துவிடும், பழைய நிலைக்குத் திரும்பாது. பம்பரின் கீழ் விளிம்பில் நீளும் கார்பன் ஃபைபர் லிப்பில் நிறமே கிடையாது. கிளியர் மட்டும் பூசி அடைத்துவிடலாம்.

மேட்டைச் சமன் செய்வது

செய்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. மூன்றடி தள்ளி நின்று பார்த்தால் தெரியாது என்றால் அப்படியே விட்டுவிடுங்கள், சில்லு அடைபட்டுவிட்டது. ஆனால் மேலே ஃபிலிம் ஒட்டப் போகிறீர்கள் என்றால் சமன் செய்துதான் ஆக வேண்டும். மேடு இருந்தால் ஃபிலிம் அதைச் சுற்றி ஒட்டாமல், வெள்ளை வளையமாகத் தெரியும்.

குறைந்தது ஒரு வாரம் காயட்டும். பென்சில் அழிக்கும் ரப்பர் ஒன்றில் 2000 நம்பர் வாட்டர் பேப்பரைச் சுற்றி, ஷாம்பூ கலந்த தண்ணீரில் நனைத்து, அந்த மேட்டின் மேல் மட்டும், விரல் பலம் காட்டாமல் தேயுங்கள். பத்து தேய்ப்புக்கு ஒருமுறை துடைத்துப் பாருங்கள். நீங்கள் வைத்த கிளியர்தான் தேய வேண்டும். கம்பெனியின் 40 மைக்ரான் தேயக் கூடாது. பள்ளியில் கரும்பலகையை அழிப்பதுபோல் அகலமாகத் தேய்த்துவிடாதீர்கள். மட்டம் வந்ததும் 3000, அதன் பிறகு ரப்பிங் காம்பவுண்ட், கடைசியில் பாலிஷ், எல்லாமே கையாலேயே. பானட்டின் விளிம்பிலும் பம்பரின் மடிப்புக் கோடுகளிலும் பெயிண்ட் மெலிதாக இருக்கும். அங்கே வாட்டர் பேப்பரைக் கொண்டுபோக வேண்டாம்.

ஃபிலிம் ஒட்டுவது

கல்லை உண்மையிலேயே தாங்குவது பிபிஎஃப் என்று எல்லோரும் சொல்லும் பெயிண்ட் பாதுகாப்பு ஃபிலிம்தான். வியட்நாம் போர்க் காலத்தில் ஹெலிகாப்டர் விசிறி இறக்கைகளை மணலிலிருந்தும் சிதறலிலிருந்தும் காக்க உருவான யோசனையின் வழியில் வந்தது இது. இன்றைய நல்ல ஃபிலிம் டிபியு எனும் பாலியூரிதேனால் ஆனது, 150 முதல் 200 மைக்ரான் தடிமன். அதாவது உங்கள் மொத்தப் பெயிண்டை விடவும் தடிமனான ஒரு ரப்பர் தோல். கல் படும்போது அமுங்கி, அடியை வாங்கிக்கொள்ளும். மேலே விழும் மெல்லிய கீறல்கள் சூட்டில் தானே மறையும். நம் ஊர் வெயில் அந்த வேலையைச் சும்மாவே செய்து கொடுக்கும். ஆழமாகக் கிழிந்தால் மறையாது.

விலை குறைவு என்று பிவிசி ஃபிலிமை ஒட்டிக்கொள்ளாதீர்கள். சேலத்து வெயிலில் சீக்கிரமே மஞ்சளாகி, விறைத்து, எடுக்கும்போது துண்டு துண்டாக வரும். கடையில் டிபியு தானா என்று கேளுங்கள், ரோலின் லேபிளைக் காட்டச் சொல்லுங்கள். வாரண்டியில் மஞ்சளாவதும் ஓரம் உரிவதும் அடங்குமா என்று எழுதி வாங்குங்கள். வண்டியின் மேலேயே பிளேடு வைத்து வெட்டுவார்களா, கம்ப்யூட்டரில் அளவு போட்டு முன்கூட்டியே வெட்டிய துண்டா என்பது முக்கியமான கேள்வி. கைத்தேர்ச்சி உள்ளவர் மேலே வைத்து வெட்டினாலும் பெயிண்டில் கோடு விழாது என்பது உண்மைதான். இருந்தாலும் புதிய கடையில் முதல் முறை கொடுப்பவர் முன்வெட்டு ஃபிலிமைக் கேட்பதே பாதுகாப்பு.

முழு வண்டிக்கும் ஒட்டினால் லட்சத்தைத் தாண்டிவிடும். ஓட்டுவதற்காக வாங்கிய வண்டிக்கு முன்பக்கம் மட்டும் போதும் என்பது என் கருத்து. பம்பர், முழு பானட், முன் சக்கரங்களுக்கு மேலுள்ள இரண்டு ஃபெண்டர், பக்கக் கண்ணாடிகளின் முதுகு, ஹெட்லைட், அதோடு கட்டாயமாகப் பின் சக்கரத்துக்கு முன்னுள்ள அந்த அகன்ற பகுதி. பானட்டில் பாதி வரை மட்டும் ஒட்டுவதை நான் சொல்ல மாட்டேன். முடியும் கோட்டில் தூசி அடைந்து, கறுப்புக் கோடாகத் தினமும் கண்ணில் குத்தும்.

டச்சப் செய்த அன்றே ஃபிலிம் ஒட்டக் கொடுக்காதீர்கள். சில வாரம் போகட்டும். பெயிண்ட் அடித்த முழு பாகம் என்றால் ஒரு மாதமாவது ஆற வேண்டும். இல்லாவிட்டால் உள்ளிருந்து தின்னர் வெளியேறிக் குமிழ் கட்டும், பின்னாளில் ஃபிலிமை உரிக்கும்போது பெயிண்டும் சேர்ந்து வரும். இதற்கு முன் பெயிண்ட் அடித்த பாகம் எது என்பதைக் கடைக்காரரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

ஒட்டி வாங்கும்போது பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஓரங்கள் உள்பக்கம் மடித்து ஒட்டியிருக்கின்றனவா, பார்க்கிங் சென்சாரின் மேல் ஃபிலிம் மூடாமல் இருக்கிறதா, உள்ளே தூசி சிக்கியிருக்கிறதா? சின்னச் சின்னத் தண்ணீர்க் குமிழ்கள் சில நாட்களில் தானாக வற்றிவிடும். ஊசியால் குத்த வேண்டாம். முதல் ஒரு வாரம் கழுவவும் வேண்டாம்.

ஹெட்லைட், பக்கக் கண்ணாடியின் முதுகு போன்ற சின்ன இடங்களுக்கு நீங்களே ஒட்டலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் சில சொட்டு குழந்தை ஷாம்பூ விட்டு இரண்டு பக்கமும் தெளித்தால் ஃபிலிம் வழுக்கி நகரும். இடம் பார்த்து வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஸ்குவீஜி எனும் ரப்பர் பட்டையால் தண்ணீரைத் தள்ளுங்கள். பம்பரின் வளைவுகளை மட்டும் தொழில் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

செராமிக் கோட்டிங் பற்றி ஒரு வார்த்தை. கல்லைத் தடுக்கும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். அது ஓரிரு மைக்ரான் தடிமனுள்ள சிலிக்கா படலம். விளம்பரத்தில் வரும் 9ஹெச் என்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் அளவுகோலில் வருவது, பறந்து வரும் ஜல்லிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தண்ணீர் உருண்டோடும், பூச்சியும் தூசியும் எளிதில் வரும், கழுவுவது சுலபம். அந்த வரைக்கும் நல்ல பொருள்தான். ஃபிலிமுக்கு மேலேயும் போடலாம். முன்பக்கத்தைத் துணியில் செய்த முகமூடியால் மூடும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். உள்ளே மணல் போய், ஓடும்போது அதிர்ந்து, பெயிண்டை அரைத்துவிடும்.

ரோட்டில்

பைபாஸில் டிப்பருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், முந்த இடம் கிடைக்கும் வரை நன்றாகப் பின்வாங்கி நில்லுங்கள். பக்கத்து லேனில் அதற்கு இணையாக நீண்ட நேரம் ஓட வேண்டாம். தொப்பூரில் லாரிகள் மெதுவாக இறங்குவதால் ஒட்டிப் போகத் தோன்றும். அங்கே இடைவெளி பெயிண்டுக்காக மட்டும் இல்லை, உயிருக்காகவும்தான்.

ஏற்காடு ஏறும்போது வளைவின் உள்பக்கத்தை அறுத்துத் திரும்ப வேண்டாம். சரளை அங்கேதான் சேரும். சாய்வும் அங்கேதான் அதிகம், முன் லிப் உரசும். கொஞ்சம் வெளியே அகன்று எடுத்து, திரும்பி முடித்த பிறகு ஆக்ஸிலேட்டரை மிதியுங்கள். வளைவுக்குள்ளேயே மிதித்தால் பின் டயர் கல்லை வாரி இறைக்கும், பின்னால் பைக்கில் வருபவரின் முகத்திலும் படும். மேலே ஏறி வரும் வண்டிக்கு வழி விடுவது மலைப்பாதை வழக்கம், இறங்கும்போது மறக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு சரிந்த மண்ணும் கல்லும் ரோட்டில் கிடக்கும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது இந்தப் பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. அப்படிப்பட்ட வாரங்களில் வேறு வண்டியில் போங்கள். வேகத்தடைகளில் நேராக ஏறாமல், வழி இருந்தால் சற்றுக் கோணலாக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குங்கள்.

மலையிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்ததும் அன்றே பூச்சியையும் பறவை எச்சத்தையும் ஈரத்துணியால் எடுத்துவிடுங்கள். அவற்றின் அமிலம் மறுநாள் வெயிலில் கிளியர் கோட்டில் இறங்கித் தடம் பதித்துவிடும். பம்பர் வாய்க்குள் டார்ச் அடித்து ரேடியேட்டர் முன்னால் அடைந்திருக்கும் இலை, சருகு, கல்லைக் கையால் எடுங்கள். பிரஷர் வாஷரைக் கிட்டப் பிடித்து அடித்தால் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். ஃபிலிமின் ஓரத்திலும் புதிய டச்சப்பிலும் வாஷரைத் தள்ளியே பிடியுங்கள். முன் கண்ணாடியில் கல் பட்டுப் பொட்டு விழுந்திருந்தால், அழுக்கும் தண்ணீரும் உள்ளே போகும் முன் ஒரு துண்டு டேப்பை ஒட்டி, ரெசின் நிரப்பும் கடைக்கு அந்த வாரமே கொண்டுபோங்கள். விரிசலாக ஓட ஆரம்பித்த பிறகு கண்ணாடியையே மாற்ற வேண்டியிருக்கும். கடைசியாக அந்த டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து பானட்டை ஒருமுறை பாருங்கள். உலோகம் தெரியும் புதிய சில்லு இருந்தால், டச்சப் செய்யும் நாள் வரும் வரை ஐபிஏவில் துடைத்து, ஒரு சொட்டு கிளியரை மட்டும் வைத்து மூடிவிடுங்கள். பிறகு வேலையைத் தொடங்கும்போது அதைச் சுரண்டி எடுத்துக்கொள்ளலாம்.